லென்ஸைக் கழற்றச் சொல்ல வேண்டாம், காப்புக் கண்ணாடி தாருங்கள்

அனுப்புநர்:
ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடலோர ஊர்களின் அழகுநிலையத் தொழிலாளர் சங்கத்தினர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ராமநாதபுரம்

நகல்:
தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்), மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாவட்ட சுகாதார அலுவலர், மகளிர் திட்ட இயக்குநர்

பொருள்: நகக்கலை வேலை செய்வோரின், குறிப்பாகக் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து வேலை செய்வோரின் கண் பாதுகாப்பு – கோரிக்கைகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி, மண்டபம், ராமேஸ்வரம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் பார்லர் என்றால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை புருவம் திருத்துவது, ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம், மருதாணி ஆகியவைதான். இன்று கல்யாணம், நிக்காஹ், வளைகாப்பு எதுவானாலும் நெயில் எக்ஸ்டென்ஷன் கேட்கிறார்கள். வேலை புதிது, வருமானமும் பரவாயில்லை. ஆனால் அந்த மேசையில் உட்காரும் பெண்ணின் கண்ணுக்கு என்ன பாதுகாப்பு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கே இந்த மனு.

ஒரு கைக்கு நகம் பொருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். வாடிக்கையாளரின் கை சிறு மெத்தை மேல் இருக்கும். வேலை செய்பவரின் முகம் அந்த விரல்களிலிருந்து ஒரு முழத் தூரத்தில்கூட இருக்காது. முதலில் டிரில் மெஷினால் நகத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார். ஒரு துளி ப்ரைமர் தடவுவார். பிறகு பிரஷ்ஷை லிக்விடில் நனைத்து, பவுடரைத் தொட்டு உருட்டி எடுத்து நகத்தின் மேல் வைத்து இழைப்பார். இறுகியதும் மறுபடி டிரில். அப்போது கிளம்பும் வெள்ளைத் தூசி இமை மயிரில் வந்து படியும். பழைய நகத்தைக் கழற்ற அசிட்டோன். இத்தனையும் ஏசி போட்டு அடைத்த அறைக்குள். கண் உறுத்தினால் புறங்கையால் தேய்த்துக்கொள்வார். புறங்கையிலும் அதே தூசிதான்.

இவர்களில் பலர் லென்ஸ் அணிகிறார்கள். குனிந்தே செய்யும் வேலையில், இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில், மூக்கில் வியர்த்துக் கண்ணாடி வழுக்கும். அலங்கார வேலைக்கு வருகிறவர் கண்ணாடியோடு நிற்பதை விரும்பாத முதலாளிகளும் உண்டு. லென்ஸ் பார்வையைத் திருத்தும், அவ்வளவுதான். தூசியையும் தெறிப்பையும் அது தடுக்காது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே ஒரு துகள் மாட்டினால், ஒவ்வொரு இமைப்பிலும் அது கருவிழியைச் சிராய்க்கும். மென்மையான லென்ஸ் சில ரசாயன ஆவிகளை உறிஞ்சி வைத்துக்கொள்ளவும் கூடும். ப்ரைமர் சிலவற்றில் இருக்கும் மெத்தக்ரிலிக் அமிலம் தோலையே அரிக்கக்கூடியது. கண்ணில் ஒரு துளி பட்டால் என்னாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் லென்ஸையே தடை செய்துவிடலாமே என்று ஓர் அதிகாரி நினைக்கலாம். அமெரிக்காவில் அப்படித்தான் நினைத்தார்கள். கண்ணை உறுத்தும் ரசாயனங்கள் உள்ள இடத்தில் லென்ஸ் அணியக் கூடாது என்று 1978-ல் அங்கே பரிந்துரைத்தார்கள். அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 2005-ல் அதை மாற்றியது. வேலையிடத்தின் ஆபத்தை முதலில் மதிப்பிட வேண்டும், உரிய காப்புக் கண்ணாடி தர வேண்டும், அவசர காலத்தில் லென்ஸை எப்படிக் கழற்றுவது என்று பழக்க வேண்டும், இவற்றைச் செய்தால் லென்ஸ் அணிந்து வேலை செய்யலாம் என்பது அதன் புதிய வழிகாட்டல். சங்கத்தின் நிலையும் இதுவே. லென்ஸைத் தடை செய்தால் வேலை போவது தொழிலாளிக்கு. தூசியும் ஆவியும் அந்த அறையை விட்டுப் போகாது.

நகம் ஒட்டும் பசையின் கதை தனி. இது சயனோஅக்ரிலேட், கடையில் விற்கும் சூப்பர் க்ளூவின் இனம். சிறு பிளாஸ்டிக் பாட்டில், கூர்மூக்கு, ஒரு சொட்டாக விழும் வாய். கண் சொட்டு மருந்து பாட்டிலும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். லென்ஸ் அணிவோர் கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், நகக்கலை செய்வோர் பசை வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே பெண்ணின் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 2021-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண் சொட்டு மருந்து என்று நினைத்து நகப்பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டார். இமைகள் ஒட்டிக்கொண்டன. அன்று கண்ணில் இருந்த லென்ஸ்தான் பசை கருவிழியைத் தொடாமல் பார்வையைக் காப்பாற்றியது. தற்செயலாக நடந்த நல்லது அது. அதை நம்பி யாரும் தொழில் செய்ய முடியாது.

கருவிழிப் புண் தென் தமிழகத்துக்குப் பழைய பகை. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து, 1997-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 284 பேருக்கு முதலில் கருவிழியில் அடிபட்டிருந்தது. பெரும்பாலும் வயல்வேலையில் நேர்ந்த காயம். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் காரணம் பூஞ்சை. அதிலும் முன்னால் நின்றது ஃபியூசேரியம். அதே ஃபியூசேரியம் 2006-ல் லென்ஸ் அணிவோர் மத்தியில் தலைகாட்டியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் லென்ஸ் சுத்தம் செய்யும் தன் மாய்ஸ்ச்சர்லாக் கரைசலை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. முதலில் சிராய்ப்பு, அடுத்து கிருமி என்பதே இந்த நோய் வரும் வழி. நகக்கலை மேசையில் சிராய்க்கத் தூசி இருக்கிறது. பூஞ்சை பிடித்த நகத்தை ராவும்போது கிருமியும் கூடவே கிளம்பலாம்.

இங்கே தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடலோரக் கிராமங்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வீடுகளும் கடைகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் லென்ஸைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது சுருங்கிப்போகிறது. லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் அலசி வைப்பதும் நடக்கிறது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கிணறு, குளம், தொட்டி, குழாய் என்று எல்லா நீரிலும் வாழக்கூடியது. லென்ஸோடு கண்ணுக்குள் போனால் மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்க வைக்கும். ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராட வருவோருக்கும் இது பொருந்தும். தலையில் வாளித் தண்ணீர் விழும் முன் லென்ஸைக் கழற்றி வையுங்கள் என்று ஓர் அறிவிப்புப் பலகை வைத்தால் போதும், செலவு ஒன்றுமில்லை.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குகிறார்கள். தொழிலுக்குக் கண் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அந்தக் கண்ணாடிக்கும் அவர்கள் சொந்தக் காசைத்தான் போடுகிறார்கள். பார்லர் பெண்களையும் அப்படியே விட்டுவிடக் கூடாது என்று சங்கம் கருதுகிறது.

சட்டத்தில் இவர்களுக்கு இடம் குறைவு. 2020-ம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களையே கணக்கில் எடுக்கிறது. இரண்டு நாற்காலி, மூன்று பெண்கள் என்று நடக்கும் கடை அதற்குள் வராது. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. நாள் முழுக்க நின்றே வேலை செய்த கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று, 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. காலுக்கு ஓய்வு தந்த மாநிலம் கண்ணுக்குக் காப்பும் தர முடியும்.

மேற்கண்ட காரணங்களால் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. காப்புக் கண்ணாடி. நகம் ராவுதல், ப்ரைமர், அசிட்டோன் வேலைகளின்போது பக்கவாட்டிலும் மறைக்கும், இந்தியத் தரம் ஐஎஸ் 5983-க்கு உட்பட்ட காப்புக் கண்ணாடியை முதலாளி தன் செலவில் தர வேண்டும் என்று ஆட்சியர் அறிவுறுத்த வேண்டும். பவர் கண்ணாடிக்கு மேல் மாட்டக்கூடிய வகையும் இருக்க வேண்டும். லென்ஸ் அணிவதாலோ கண்ணாடி அணிவதாலோ யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

2. நலவாரியப் பதிவு. 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் வாரியங்களில் கண் கண்ணாடிக்கு உதவித்தொகை இருக்கிறது. நகக்கலை செய்வோர் எந்த வாரியத்தில் பதியலாம் என்பதைத் தெளிவாக அறிவித்து, பார்லர்கள் உள்ள ஊர்களிலேயே பதிவு முகாம் நடத்த வேண்டும். பவர் உள்ள காப்புக் கண்ணாடியையும் அந்த உதவியில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

3. பெயரில்லா பாட்டில்கள். 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி இறக்குமதிப் பொருளுக்குப் பதிவு வேண்டும். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி வேண்டும். இங்கே லிக்விட் பல நேரம் பெரிய கேனிலிருந்து சிறு பாட்டிலுக்கு மாற்றி விற்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டியிலும் வருகிறது. முழுக்க மெத்தில் மெத்தக்ரிலேட்டாலான நகத் திரவத்தை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1974-ல் நீதிமன்றம் வரை சென்று சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. ஜெல் பாலிஷில் சேரும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. இங்கே விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

4. கண் கழுவ நீர். ஒவ்வொரு கடையிலும் மூடிய கேனில் சுத்தமான தண்ணீரும் தமிழில் அச்சிட்ட முதலுதவி அட்டையும் இருக்க வேண்டும். அட்டையில் இருக்க வேண்டியது: ரசாயனம் பட்டால் உடனே கழுவத் தொடங்கு, லென்ஸைக் கழற்றுவதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போடாதே, கழுவிக்கொண்டே கழற்று, குறைந்தது 15 நிமிடம் கழுவு, பிறகு மருத்துவமனைக்குப் போ. பசையையும் சொட்டு மருந்தையும் ஒரே தட்டில் வைக்காதே.

5. காற்றோட்டம். நியூயார்க் மாநிலம் 2016-ல் நகநிலையங்களுக்கு வகுத்த விதியின்படி, ஆவியையும் தூசியையும் மேசையருகிலேயே இழுத்து வெளியேற்ற வேண்டும். இங்கே தூசி உறிஞ்சும் மேசைக் கருவிக்கும் எக்ஸாஸ்ட் விசிறிக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக் கடனில் முன்னுரிமை தர வேண்டும்.

6. பயிற்சி. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களின் அழகுக்கலைப் பயிற்சியிலும், திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வகுப்புகளிலும் கண் பாதுகாப்புக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். நகம் ஒட்டக் கற்றுத் தருகிறவர்கள் கண் கழுவவும் கற்றுத் தரட்டும்.

7. கலர் லென்ஸ். மணப்பெண்ணுக்கு ஒரே லென்ஸை மாற்றி மாற்றி மாட்டிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். 2024 ஜூலையில் தில்லியில் ஒரு நிகழ்ச்சிக்கு லென்ஸ் அணிந்து போன நடிகை ஜாஸ்மின் பஸின், கருவிழியில் காயம்பட்டு இரு கண்களையும் கட்டிக்கொள்ள நேர்ந்தது. இந்தியாவில் லென்ஸ் மருத்துவ சாதனம். மருத்துவர் அல்லது கண் பரிசோதகர் அளவு பார்க்காமல் பார்லரில் அதை விற்பதைத் தடுக்க வேண்டும்.

8. சிகிச்சை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கருவிழிப் புண்ணுக்கு அவ்வளவு தூரம் அலைவதற்குள் பார்வை போய்விடலாம். 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ரசாயனம் பட்ட கண்ணையும், லென்ஸ் அணிவோரின் சிவந்து வலிக்கும் கண்ணையும் வந்த அன்றே பார்க்க வேண்டும். இவ்வேலையில் இருப்போருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை முகாமும் வேண்டும்.

இவற்றில் முதல், மூன்றாம், நான்காம் கோரிக்கைகளுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் ஓர் ஆய்வும் போதும். எனவே ஆட்சியர் அவர்கள் தொழிலாளர் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சுகாதாரத் துறை அலுவலர்களையும் பார்லர் உரிமையாளர்களையும் தொழிலாளர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து, வரும் தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் இம்மூன்றுக்கும் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்றும், மற்றவற்றுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்றும் சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்கத்தின் நிர்வாகிகளும் உறுப்பினர்களும்