படத்துக்கு முன்னால் வரும் முத்திரை

இன்று ஒரு சின்ன விஷயத்துக்காக வாதாட வந்திருக்கிறேன். படம் தொடங்குவதற்கு முன் சில நொடிகள் திரையில் ஒரு சின்னம் வருகிறதே, சேவலோ கோட்டையோ மிக்கி எலியோ, அதை யாரும் வெட்டக்கூடாது என்பது என் கட்சி. இப்போது அதைத் தாண்டிப் போக ஒரு பொத்தானே வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் விரல் நேரே அங்கேதான் போகிறது. போகட்டும். தாண்டுவது வேறு, கத்தரித்து எறிவது வேறு.

இந்தச் சின்னம் அழகுக்காகப் பிறந்தது அல்ல, திருட்டுக்குப் பயந்து பிறந்தது. பிரான்சில் ஜார்ஜ் மேலியேஸ் 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்தை அமெரிக்காவில் அனுமதியில்லாமல் பிரதியெடுத்து ஓட்டிக் காசு பார்த்தார்கள். அடுத்த ஆண்டே தம் அண்ணன் காஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்பி அங்கே ஓர் அலுவலகம் திறக்க வைத்தார் மேலியேஸ். தம் கம்பெனியின் நட்சத்திரச் சின்னத்தைப் படத்தின் காட்சி ஜோடனையிலேயே எங்காவது பொருத்தியும் வைத்தார். பத்தே கம்பெனியும் தன் சேவலை அப்படியே செட்டுக்குள் மாட்டியது. தலைப்பு அட்டையை மட்டும் வெட்டிவிட்டால் யார் படம் என்று தெரியாமல் போய்விடும். சுவரில் தொங்கும் சேவலை வெட்ட முடியாது!

பிரெஞ்சில் 'கஷே' என்போம், தமிழில் முத்திரை. நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் முத்திரை குத்திப் பிழைத்தவன். முத்திரை இல்லாத காகிதம் எவ்வளவு அழகாக டைப் அடித்திருந்தாலும் மேசையைத் தாண்டாது. யார் கொடுத்தது, எந்த அலுவலகம், எந்தக் காலத்தது என்பதை அந்த வட்டம்தான் சொல்லும். பழைய கோப்பைப் புதுக் கோப்பாக மாற்றும்போது பழைய முத்திரையின் மேல் புது முத்திரை குத்தினால் மேலதிகாரி கோப்பையே முகத்தில் விட்டெறிவார். சினிமாவில் மட்டும் அதை ஏன் அனுமதிக்கிறோம்?

வீட்டில் வீடியோ டெக் வந்த கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டிஸ்னி கம்பெனி முதலில் இந்த டெக்கைக் கண்டு அலறியது. யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து 1976இல் சோனி கம்பெனி மேல் வழக்குப் போட்டன. வீட்டில் படத்தைப் பதிவு செய்ய மெஷின் விற்பதே தவறு என்பது வாதம். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1980இல், டிஸ்னி தன் சொந்தக் கேசட்டுகளை வெளியிடத் தொடங்கிவிட்டது. வால்ட் டிஸ்னி ஹோம் வீடியோ என்று பெயர்.

அந்தப் பெயரின் சின்னங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சரித்திரமே இருக்கிறது. முதலில் கறுப்புத் திரையில் நியான் விளக்குக் கோடுகளாக மிக்கி. 1980களின் பிற்பாதியில் அது போய், கூம்புத் தொப்பி போட்ட மந்திரவாதி மிக்கி வந்தார். 1984இல் ராபின் ஹுட் படத்தோடு 'கிளாசிக்ஸ்' என்ற வரிசை பிறந்தது, அதற்கு வைர வடிவச் சின்னம். 1994இல் அதை எடுத்துவிட்டு 'மாஸ்டர்பீஸ் கலெக்ஷன்' என்றார்கள். 1937இல் வந்த ஸ்னோ ஒயிட் படம் முதன்முதலாகக் கேசட்டில் விற்பனைக்கு வந்தது அந்த வருடம்தான். 2000க்குப் பிறகு பெயரிலிருந்து 'வீடியோ' என்ற சொல்லே நீங்கி 'ஹோம் என்டர்டெயின்மென்ட்' ஆயிற்று. டெக்குக்கு முடிவு வருகிறது என்று கம்பெனி சொல்லாமல் சொன்ன இடம் அது.

அந்தக் கூம்புத் தொப்பி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1940இல் வந்த ஃபேன்டேசியா படத்திலிருந்து. அந்தக் காட்சிக்கு இசை பிரெஞ்சுக்காரரான பால் துய்க்கா 1897இல் எழுதியது. அதற்கு மூலம் ஜெர்மானியக் கவி கெதே. ஆக, ஒரு கேசட்டின் முதல் சில நொடிக்குள் இரண்டு நூற்றாண்டு ஐரோப்பா அடங்கியிருக்கிறது. கத்தரிப்பவருக்கு இது தெரியாது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு தமாஷும் உண்டு. பாரீஸிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பிள்ளைகளுக்கென்று கேசட் வாங்கி வருவார்கள். பிரான்சின் வண்ண முறை செக்காம், நம்முடையது பால். நம் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். மிக்கியின் சிவப்பு அங்கி எங்கள் வீட்டில் பல வருடம் சாம்பல் நிறம்தான். பிள்ளைகள் அதற்காகப் பார்க்காமல் விட்டார்களா என்ன?

சரி, சின்னத்துக்கு என்னதான் மதிப்பு? சில ஆண்டுகளாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. வைரச் சின்னம் போட்ட டிஸ்னி கேசட் உங்களிடம் இருந்தால் லட்ச லட்சமாய்க் கிடைக்குமாம். நம்பாதீர்கள். பியூட்டி அண்ட் தி பீஸ்ட், அலாதீன் எல்லாம் ஒவ்வொன்றும் கோடிக்கு மேல் விற்ற கேசட்டுகள். விற்கிறவர் கேட்கும் விலை ஒன்று, வாங்கினவர் கொடுத்த விலை வேறு. சின்னத்தின் மதிப்பு காசில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது. கேசட் எந்தக் காலத்தது, யார் வெளியிட்டது, அதில் இருக்கும் படம் எந்தப் பதிப்பு என்று அது சொல்லிவிடும்.

"அது வெறும் விளம்பரம்தானே ஐயா" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். விளம்பரம்தான், மறுக்கவில்லை. பழைய பஞ்சாங்கத்தின் அட்டையில் இருப்பதும் ஜவுளிக்கடை விளம்பரம்தான். அந்தக் கடை மூடி நாற்பது வருடம் கழித்து அதுவே ஆவணமாகிறது.

டிஸ்னிக்கு வக்காலத்து வாங்குவது என் வேலையல்ல. அந்தக் கம்பெனி தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். என் கவலை நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கல்யாணக் கேசட்டை டிஸ்க்காக மாற்றக் கொடுத்தார்கள். கடைக்காரர் முதல் இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டுத் தன் கடைப் பெயரை ஓட விட்டிருந்தார். வெட்டிய இடத்தில் என்ன இருந்தது? ரோஜாப்பூ சுற்றிச் சுற்றி வர, வீடியோ எடுத்தவர் பெயர், மண்டபத்தின் பெயர், தேதி. அந்த மண்டபம் இன்று இல்லை. எடுத்தவரும் இல்லை. அவர் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான்.

நாள் அதிகம் இல்லை. ஜப்பானின் ஃபூனாய் கம்பெனி 2016இல் டெக் செய்வதை நிறுத்தியபோது, உலகத்தில் அதைச் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனி அதுதான். நம் கடற்கரைக் காற்றில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். ஆகவே கேசட்டுகளை இந்த வருடமே மாற்றக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது கடைக்காரரிடம், முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அப்படியே வேண்டும், எதையும் வெட்டாதே, எதையும் ஒட்டாதே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோவார். எழுத்தில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.