வான்குடை மடிப்போருக்கு வேண்டிய பயிற்சி

விமானத்திலிருந்து குதிப்பவரின் துணிவைப் பாராட்டாதார் இலர். அவர் முதுகிலுள்ள வான்குடையை மடித்துக் கொடுத்தவரை நினைப்போர் மிகச் சிலரே. அவரைப் 'பாராசூட் ரிக்கர்' என்பர். ரிக்கர் என்பது பாய்மரக் கப்பல்களில் பாயையும் கயிற்றையும் கட்டி அமைத்தவருக்கு முன்னாளில் வழங்கிய பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட யான் இதனை 'மடிப்பவர்' என்று பெயர்த்துப் பார்த்தேன், போதவில்லை. துணியை ஆராய்தல், தையலைச் சோதித்தல், பழுது நீக்குதல், முடிவில் முத்திரையிட்டுக் கையொப்பமிடுதல் ஆகிய யாவும் அவர் கடமைகளே. ஆதலின் ரிக்கர் என்றே இங்கு வழங்குகிறேன்.

இத்தொழிலுக்கு விரிவான சட்டம் வகுத்துள்ள நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு விளையாட்டாகக் குதிப்பவர் இரண்டு வான்குடைகளைத் தாங்கிச் செல்கிறார். முதன்மைக் குடையை, அதனுடன் குதிக்கவிருப்பவர் தாமே மடித்துக்கொள்ளலாம். அது பயன்படாதபோது உயிர் காப்பது சேமக்குடை. அதனை அத்தாட்சி பெற்ற ரிக்கர் மட்டுமே மடிக்கலாம். குதிக்கும் நாளுக்கு முந்திய 180 நாட்களுக்குள் அது மடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பட்டு முதலிய இயற்கை இழையால் ஆனதாயின் 60 நாட்களே தவணை.

அத்தாட்சி பெற விரும்புவோர் 18 வயது நிரம்பியவராகவும் ஆங்கிலம் அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். தாம் உரிமை கோரும் வகையைச் சேர்ந்த வான்குடைகளில் குறைந்தது இருபதினை, தகுதி பெற்ற ரிக்கர் ஒருவரின் மேற்பார்வையில் மடித்திருத்தல் வேண்டும். பின்னர் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகியவற்றில் தேற வேண்டும். படைகளில் இதே பணியைச் செய்தவருக்கு, உரிய அநுபவம் இருப்பின், விதிகளைப் பற்றிய எழுத்துத் தேர்வு ஒன்றே போதும். இவ்வாறு பெறுவது முதுநிலைப் பத்திரம். அதற்கு மேற்பட்ட தலைமை ரிக்கர் பத்திரத்திற்கு மூன்றாண்டு அநுபவமும், இருவகைக் குடைகளில் வகைக்கு நூறு வீதம் மடித்த பழக்கமும் தேவை. பெரும் பழுதுகளை நீக்கவும், குடையின் அமைப்பை மாற்றவும் தலைமை ரிக்கருக்கே உரிமை உண்டு.

இம்முறையில் எனக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்று. தேர்வில் நூற்றுக்கு 70 பெற்றால் தேர்ச்சி. தாளில் முப்பது பங்கு பிழையைப் பொறுக்கலாம். மடிப்பில் ஒரு பிழையையும் பொறுக்க இயலாது. எனவே நம் நம்பிக்கை தேர்வைவிட மேற்பார்வையில் பெறும் பழக்கத்தையே சார்ந்து நிற்கிறது. அப்பழக்கத்துக்கு விதி கூறுவது இருபது என்னும் எண்ணிக்கை மட்டுமே. கால அளவு எதுவும் கூறவில்லை. இருபது குடைகளைச் சில வாரங்களிலேயே மடித்து முடித்துவிடலாம்.

"திறமை இருப்பின் காலம் எதற்கு?" என்று சிலர் வினவலாம். மடிக்கும் திறமை சில வாரங்களில் வரக்கூடும். பழுதை இனங்காணும் கண் அவ்வளவு விரைவில் வாராது. 1980-களில் அமெரிக்காவில் ஒருசில வட்ட வடிவச் சேமக்குடைகளின் வலைத்துணி அமிலத்தன்மையால் அதனை அடுத்துள்ள நைலான் துணி வலுவிழந்தமை தெரியவந்தது. பார்வைக்கு அத்துணி நன்றாகவே இருந்தது. புரோமோகிரீசால் பச்சை என்னும் சாயத்தை இட்டு அமிலத்தையும், துணியை இழுத்து வலிமையையும் சோதித்த பின்னரே உண்மை புலப்பட்டது. பயிற்சி நிலையத்தில் ஒரே குடையைப் பன்முறை மடித்துப் பழகியவர் இத்தகைய சீர்கேட்டைக் காண வாய்ப்பு அரிது. வெயிலும் ஈரமும் வியர்வையும் பட்டுத் திரும்பும் பல குடைகளைப் பணிக்கூடத்தில் மாதக்கணக்கில் பிரித்துப் பார்த்தவருக்கே அது புலனாகும்.

இவ்வுண்மையை அச்சட்டமே ஓரளவு ஒப்புக்கொள்கிறது. பத்திரம் பெற்ற ரிக்கரும் முந்திய பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்களேனும் அப்பணியைச் செய்திருத்தல் வேண்டும். இன்றேல் தம் திறமையை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும். தேர்ந்தவருக்கே காலவரையறை வேண்டுமாயின், புதியவருக்கு அது வேண்டாவோ? அமெரிக்கத் தரைப்படையில் ரிக்கர்கள் தாமும் குதிக்கப் பயின்றவராதல் வேண்டும். மடித்தவரே குதிக்கவும் நேரிடும் என்னும் எண்ணம் கவனத்தைக் கூர்மையாக்கும். குடிமக்கள் வழியில் இந்நிபந்தனை இல்லை. அதற்கு ஈடாக, இருபது மடிப்புகளுடன் ஆறு மாதப் பணிக்கூடப் பயிற்சியையும் கட்டாயமாக்குதல் நன்று என்பது என் கருத்து. இதனால் ஏழை இளைஞருக்குச் சிரமம் நேரும் என்பதை மறுக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் ஊதியம் அளித்தால் அச்சிரமம் தீரும்.

நம் நாட்டிலும் 1941-இல் கான்பூரில் வான்குடைத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆக்ராவில் இத்துறைக்கென ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஆதலின் இப்பயிற்சி பற்றிய ஆராய்ச்சி நமக்கும் உரியதே. முத்திரையிட்ட சேமக்குடையின் உள்ளே இருப்பதைக் குதிப்பவர் பார்க்க இயலாது. மடித்தவர் அதனை முறையாகச் செய்திருப்பார் என்று நம்பியே அவர் வானில் இறங்குகிறார். அந்நம்பிக்கைக்கு ஏற்ற பயிற்சியை அளிப்பது சட்டம் வகுப்போரின் கடமையாகும்.