விலைக்கு அச்சேறும் ஆய்வுகள்

உப்பளங்களால் அறியப்பட்ட கேளம்பாக்கத்தைச் சூழ்ந்து இன்று பொறியியல், மருத்துவக் கல்விக்கூடங்கள் பல எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் ஆய்வு மேற்கொள்ளும் இளைஞருக்கு, முதற்கட்டுரை வெளிவந்த சில நாள்களிலேயே மின்னஞ்சல் அழைப்புகள் குவியத் தொடங்கும். "பேரறிஞரே" என விளிக்கும் அவ்விதழ்கள், ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக உறுதி கூறும். கட்டணப் பேச்சு பெரும்பாலும் ஏற்புக் கடிதத்திற்குப் பின்னரே எழும்.

இவ்விதழ்களின் தன்மையை அமெரிக்க இதழாளர் ஜான் போகனன் 2013ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். புற்றுநோய் மருந்து பற்றிய பொய்க்கட்டுரை ஒன்றைப் புனைந்து, பள்ளி வேதியியல் கற்றவரே கண்டுகொள்ளத்தக்க பிழைகளை அதில் வேண்டுமென்றே புகுத்தி, 304 இதழ்களுக்கு அனுப்பினார். அவற்றுள் 157 இதழ்கள் அதனை ஏற்றன! துறை வல்லுநர் மதிப்பாய்வு என்பது அவற்றுள் பலவற்றில் பெயரளவில்கூட நடைபெறவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. கட்டணத்தை முன்னரே தெரிவிக்காமை, நடவாத மதிப்பாய்வை நடந்ததாகக் கூறியமை, இசைவு பெறாமலே அறிஞர் பெயர்களை ஆசிரியர் குழுவில் சேர்த்தமை ஆகியன குற்றச்சாட்டுகள். 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு ஆணையிட்டது.

கட்டணம் பெறும் இதழ்கள் யாவும் போலி எனல் பொருந்தாது. எவரும் இலவசமாகப் படிக்கத் தரும் நல்லிதழ்கள் பலவும் கட்டணம் பெறுகின்றன. கட்டணம் எப்போது சொல்லப்படுகிறது, கட்டுரையைப் படித்தவர் யார், குழுவில் உள்ள அறிஞர் தம் பெயர் அங்கிருப்பதை அறிவாரா என்பனவே கேட்க வேண்டியவை. ஆசிரியர் குழுவினர் ஒருவருக்கு மடல் எழுதினாலே பல ஐயங்கள் தீரும். பொருள் இழப்பினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. போலி இதழில் வெளிவந்த கட்டுரையை நல்லிதழ்கள் பொதுவாக மீண்டும் ஏற்பதில்லை. மூன்றாண்டு உழைப்பு அங்கேயே முடங்கிவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த ஆண்டு 'கேர்' எனும் புதுப்பட்டியலை வெளியிட்டது. 2025இல் அதனையும் கைவிட்டு, தேர்வுப் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே ஒப்படைத்தது. பட்டியல்கள் மாறினும் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளை எண்ணும் வழக்கம் மாறவில்லை. எண்ணிக்கை கேட்கப்படும் வரையில் அதனை விற்போரும் இருப்பர். விண்ணப்பதாரரின் இருபது கட்டுரைகளை எண்ணும் தேர்வுக்குழு, அவற்றுள் ஒன்றையேனும் முழுமையாகப் படித்துவிட்டு அவரிடம் வினா எழுப்பினால், கேளம்பாக்கத்து இளைஞர் அந்த மின்னஞ்சலைத் திறக்கவேண்டிய தேவையே எழாது.