மிளகுத்தண்ணியும் பங்களாவின் பின்கதவும்

கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் துரை பங்களாவில் என் தாத்தா சமையல்காரராக இருந்தார். லயத்தில் எல்லோரும் அவரை ‘அப்பு’ என்றுதான் அழைத்தார்கள். அது அவருடைய பெயரல்ல, வேலையின் பெயர். காலையில் பெரட்டுக்கு முன்னரே பங்களாவுக்குப் போவார், துரை படுத்த பிறகு திரும்பி வருவார். போவதும் வருவதும் பின்கதவு வழியாக. நாற்பது வருட வேலையில் முன்வாசலால் நுழைந்தது ஒரே ஒரு தடவை என்று அம்மா சொல்வார். துரையின் பியானோவைத் தூக்க ஆள் போதாமல் போன அன்று.

கடந்த மாதம் ஒரு கட்டுரைக்காக மலையகத்தின் சொகுசு விடுதிகளுடைய விளம்பரங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். நல்ல சாப்பாட்டையும் நல்ல வைனையும் தேடி ஊர் ஊராகப் போகிற பயணிகளுக்கென்று எழுதப்பட்டவை அவை. ‘தோட்டத் துரைமார் கால உணவு’ என்ற வரிசையில் ‘மல்லிகடோனி’ என்றொரு சூப் இருந்தது. அகராதியைப் புரட்டினால் தெரியும், அது வேறொன்றுமல்ல, நமது மிளகுத்தண்ணீர்தான். தமிழ்ச் சமையல்காரர்களின் வாயிலிருந்து ஆங்கிலேயரின் காதுக்குப் போய், மேசைக்கு ஏறி, இன்று டொலரில் விலை சொல்லப்படுகிறது. தாத்தா வாரத்தில் இரண்டு நாள் வைத்தது அதைத்தான். சூப்பின் பெயரில் தமிழ் இருக்கிறது. அதைச் சமைத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இது ஒரு சூப்பைப் பற்றிய மனக்குறை மட்டுமல்ல. மலையகச் சுற்றுலா எதைப் பாதுகாக்கிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

ஒரே மலையில் இரண்டு கட்டடங்கள்

தேயிலைத் தோட்டத்தைச் சொகுசு விடுதியாக்கும் போக்கு இங்கே புதிதல்ல. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி. பழைய இயந்திரங்களும் மரச் சட்டங்களும் அப்படியே பேணப்பட்டுள்ளன. பழைய ரயில் பெட்டியொன்று உணவகமாக மாற்றப்பட்டிருக்கிறது. விருந்தினர்கள் விரும்பினால் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து பறித்துப் பார்க்கலாம்.

2005இல் டில்மா நிறுவனத்தார் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ விடுதியை ஆரம்பித்தார்கள். காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டியன்சின் ஆகிய துரை பங்களாக்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. பின்னர் டன்கெல்டும் சேர்ந்தது. ஒரு பங்களாவில் சில அறைகள் மட்டுமே. சமையல் நிபுணரும் பணியாளரும் ஒவ்வொரு பங்களாவுக்கும் தனித்தனியே இருப்பார்கள். சாப்பாடு, மாலைத் தேநீர், வைன், மற்ற மதுவகைகள் எல்லாம் அறைக் கட்டணத்துக்குள் அடக்கம். உணவுக்குப் பேர்போன சிறு விடுதிகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ‘ரிலே எ ஷடோ’வில் அது ஓர் அங்கத்தவர். ஓர் இரவுக் கட்டணம் பல நூறு டொலர்.

இவற்றைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நியாயமாகப் பார்த்தால், இந்த முதலீடு வந்திருக்காவிட்டால் பல பங்களாக்கள் கூரை விழுந்து பாழடைந்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு மலையில் கூடை சுமப்பதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கொழும்புக்குக் கடைச் சிப்பந்தியாகவும் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகவும் போகாமல் ஊரிலேயே உழைக்க ஒரு வழி திறந்திருக்கிறது. அதை மறுக்க முடியாது.

எனது கேள்வி வேறு. டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. அந்தக் காலத்தில், அதே மாதிரியான மலைகளில், அதே கம்பனிகளால் கட்டப்பட்டவைதான் லயங்களும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பலருக்குப் பொதுவாக ஒரு பீலி. அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. மக்கள் அவற்றில்தான் வாழ்கிறார்கள். வயதில் இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்கு ‘மரபுரிமை’ என்று பெயர் கிடைத்தது. மற்றதற்குக் கிடைத்தது தகரக் கூரையும் அதன் மேல் பாரம் வைக்கக் கல்லும்.

விருந்தினர் பங்களாவின் வராந்தாவில் நின்று பார்க்கும்போது தெரிகிற பச்சை, தானாக முளைத்த பச்சையல்ல. அதை வெட்டி, நட்டு, கவ்வாத்துப் பண்ணி, ஏழு நாளைக்கொரு தடவை கொழுந்தெடுத்து அந்த உயரத்தில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓய்ந்தால் சில வருடங்களில் அது காடு. அதாவது, விடுதி விற்பது அறையையும் சாப்பாட்டையும் மட்டுமல்ல, இந்த உழைப்பின் தோற்றத்தையும் சேர்த்துத்தான். அந்த விற்பனையில் உழைப்பாளிக்கு என்ன பங்கு?

தட்டும் கோப்பையும்

கணக்கைப் பார்ப்போம். நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 மே மாதம் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நின்றது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அது 1550 ரூபாவாக உயர்த்தப்பட்டு, வருகைக்கு ஊக்குவிப்பாக அரசு 200 ரூபா தருவதாக அறிவிக்கப்பட்டது. எல்லாம் சேர்த்து 1750 ரூபா. டொலரில் ஆறுக்கும் குறைவு. அதுவும் சொன்ன கிலோவைப் பறித்து முழுப் பேர் விழுந்தால்தான்.

இந்தச் சம்பளத்தில் லயத்தின் அடுப்பில் என்ன வேகும்? காலையில் ரொட்டியும் சம்பலும், மலைக்குப் போத்தலில் சாயத்தண்ணி, இரவில் சோறும் ஒரு கறியும். உலகத்துக்கு மணமான தேயிலை அனுப்பும் தோட்டத்தில், வீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தூள். 2016ஆம் ஆண்டின் குடிசனச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17 வீதம். தோட்டத்துறையில் அது ஏறக்குறைய 32 வீதம். ருசியான சாப்பாட்டுக்காக உலகம் தேடிவரும் மாவட்டத்தில், மூன்றில் ஒரு பிள்ளை போதிய சாப்பாடு இல்லாமல் வளர்ச்சி குன்றியிருக்கிறது.

அம்மாவுக்கு 1973-74 பஞ்சம் ஞாபகமிருக்கிறது. அரிசிப் பங்கீடு குறைந்து, மா கிடைக்காமல், தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்த காலம். தாத்தா பங்களாவில் மிஞ்சிய பாண் ஓரங்களைச் சாரத்தின் மடிப்பில் வைத்துக் கொண்டுவருவாராம். அதைப் பாலில்லாத தேத்தண்ணியில் நனைத்து ஐந்து பிள்ளைகளுக்கும் பிரிப்பார்களாம். பக்கத்துக் காம்பிராக்களில் அதுவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் பார்க்கக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இன்றும் தாழ்ந்துவிடும். அதே நாட்களில் தாத்தா பங்களாவில் மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருந்தார்.

வைனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்களாவில் மாலையில் கோப்பையை ஏந்துவது ரசனை. தோட்டத்து ஆள் தவறணைக்குப் போனால் அது குணக்கேடு. தோட்டங்களின் குடிப்பழக்கம் குடும்பங்களை அழித்திருக்கிறது, அதில் பெண்கள் பட்ட பாட்டை யாரும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் சாராய உரிமங்களால் வருமானம் பார்த்தது காலனித்துவ அரசு. அந்த வருமானத்தைப் பின்வந்த அரசுகளும் விடவில்லை. உடம்பு வலிக்கு மருந்தாகக் குடியைக் காட்டிவிட்டு, பிறகு குடிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுவது நேர்மையல்ல.

காசு எங்கே போகிறது?

உணவும் வைனும் தேடி வருகிற பயணி நன்றாகச் செலவழிக்கிறார் என்பது உண்மை. ஆனால் எந்தச் செலவு இந்த மலையில் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். வைன் போத்தல் கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. அதன் விலை வெளிநாட்டு உற்பத்தியாளருக்கும், இறக்குமதியாளருக்கும், வரியாகத் திறைசேரிக்கும் போகிறது. இங்கே தங்கக்கூடியது தட்டில் இருப்பதுதான்: லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு, கீரை, பால், முட்டை.

லயங்களைச் சுற்றிய துண்டு நிலங்களில் மரக்கறி செய்கிற குடும்பங்களும், மாடு வைத்திருக்கிற குடும்பங்களும் கொட்டகலையிலேயே நிறைய. அவர்களிடம் நேரடியாக, ஒழுங்காக வாங்குவதற்கு விடுதிகள் உடன்பட்டால் அது தானமல்ல, வியாபாரம். ஆனால் அங்கேயும் நிலம் குறுக்கே நிற்கிறது. தோட்டக் காணி அரசுடையது, கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு இருக்கிறது. மரக்கறித் துண்டு இன்று இருக்கும், நாளை நிர்வாகம் கேட்டால் கொடுக்க வேண்டும். உறுதியில்லாத மண்ணில் யாரும் கிணறு வெட்டமாட்டார்கள்.

கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இது இன்னும் தெளிவானது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. வீடிழந்தவர்களுக்கு நட்டஈடு என்று அறிவிப்புகள் வந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காம்பிரா தன் பெயரில் இல்லாத குடும்பம் எதை இழந்ததாகப் படிவத்தில் எழுதும்?

வடக்குக்கும் தெரிந்த கதை

இதை வாசிக்கிற வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றத் தேவையில்லை. 1977 வன்முறைக்குப் பிறகு தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனார். அப்படிப் போன ஆயிரக்கணக்கானவர்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் அந்தக் குடும்பங்களும் வலைஞர்மடத்துக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் நடந்தன. ஒரு தடவை தோட்டத்தில், ஒரு தடவை வன்னியில் என்று இரண்டு முறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் அவர்கள்.

போருக்குப் பிறகு வடக்கிலும் விடுதிகள் எழுந்தன. காங்கேசன்துறையில், மக்கள் வெளியேற்றப்பட்ட உயர்பாதுகாப்பு வலயக் கரையில் இராணுவத்தின் ‘தல்செவன’ ஓய்வு விடுதி வந்தது. சொந்தக் காணிக்குப் போக முடியாதவர்கள் முகாமில் இருக்க, அந்தக் கடலைப் பார்த்தபடி விடுமுறை கழிக்க முடிந்தது. காரணங்களும் வரலாறும் வேறு. கொட்டகலையில் துப்பாக்கி இல்லை, குத்தகை ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் காட்சி விற்கப்படுகிறது, அந்தக் காட்சிக்குள் இருந்த மக்கள் கதையிலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறார்கள். நம் கரையில் நடந்தது நமக்கு வலித்தது என்றால், மலையில் நடப்பதும் வலிக்க வேண்டும்.

என்ன கேட்கலாம்?

விடுதிகளை மூடச் சொல்வதில் அர்த்தமில்லை. அதில் வேலை செய்கிற பிள்ளைகள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். கேட்கக்கூடியவை வேறு.

முதலாவது, நிலம். லயத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு வீடும் காணியும் உறுதியோடு வேண்டும். பங்களாவைப் பல பத்தாண்டுகளுக்கு வணிகத்துக்குக் கொடுக்க வழி இருக்கிற நாட்டில், சில பேர்ச் காணிக்கு உறுதி எழுத வழியில்லை என்பதை நம்ப முடியாது.

இரண்டாவது, உள்ளூராட்சி. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை பிரதேச சபைகளால் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சுதந்திரமாகச் செலவழிக்க முடியவில்லை. இப்போது கொட்டகலைக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் இருக்கின்றன. விடுதிகளிடமிருந்து என்ன வருமானம் வருகிறது, அதில் எவ்வளவு தோட்டப் பாதைக்கும் தண்ணீருக்கும் போகிறது என்று அவை வருடந்தோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. தோட்டத்துப் பிள்ளை பாத்திரம் கழுவுவதோடு நிற்காமல் தலைமைச் சமையல்காரராகவும் முகாமையாளராகவும் வர வேண்டும். அதற்கு ஆங்கிலமும் சிங்களமும் தொழிற்கல்வியும் தேவை. பக்கத்திலேயே பத்தனையில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஹோட்டல் தொழிலுக்கும் அப்படியொரு தரமான நிறுவனம் தமிழில் கற்பிக்க ஏன் முடியாது?

நான்காவது, கதை. 2023இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழியில் செத்தவர்களின் கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை. விடுதிச் சுவர்களில் துரைமாரின் படங்கள் இருக்கட்டும். பக்கத்தில் கொழுந்தெடுத்தவர்களுக்கும், கங்காணிக்குக் கடன்பட்டவர்களுக்கும், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களுக்கும், 1964 ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். சேலை கட்டி ஒரு மணி நேரம் கொழுந்து பறிக்கிற விருந்தினருக்கு, அந்த வேலைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு சம்பளம் என்றும் சொல்லப்பட வேண்டும்.

தாத்தா இறக்கும்போது அவரிடம் இருந்தது ஒரு பழைய கோட்டும், துரை போகும்போது கொடுத்த நற்சான்றுக் கடிதமும். ஆங்கிலத்தில் இருந்ததால் அதை அவரால் கடைசிவரை வாசிக்க முடியவில்லை. நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மா அதை என்னிடம் தந்தார். நேர்மையானவர், நல்ல சூப் வைப்பார் என்று எழுதியிருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அப்பு’ என்று மட்டும் இருக்கிறது.

அவர் பெயர் வேலாயுதம். மிளகை வறுத்து, அம்மியில் தட்டி, கடைசியில் தேசிக்காய் பிழிவார். வீட்டில் அம்மா இன்றும் அப்படித்தான் வைக்கிறார்.