குரோமியத்தின் தடம், சர்க்கரையின் தடம்

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் வேலை செய்தன. தோல் பதப்பட வாரக்கணக்கில் ஆகும். 1970களில் பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகள் முழுதாகப் பதனிட்ட தோலுக்கு மாறின. குரோம் உப்பும் பரவியது. டிரம்மில் போட்டுச் சுழற்றினால் ஒரு நாளில் தோல் நீலமாகிவிடும். தோலின் புரதத்தைக் குரோமியம் பிடித்தால் லேசில் விடாது.

இதே பிடியை மருத்துவமும் பயன்படுத்தியிருக்கிறது. 1950இல் அமெரிக்காவில் கிரே, ஸ்டெர்லிங் என்ற இருவர் கதிரியக்கக் குரோமியம்-51ஐ ரத்தச் சிவப்பணுக்களில் ஏற்றிக் காட்டினார்கள். குரோமேட்டாக உள்ளே நுழைந்து, வடிவம் மாறி, ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு எத்தனை நாள் வாழ்கிறது என்று அறிய அது நெடுங்காலம் உதவியது. செல்லுக்குள் அவ்வளவு சுலபமாக நுழைவதுதான் குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியத்தின் ஆபத்தும். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பது இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஜெர்மனியில் தெரிந்திருந்தது.

இப்படித் தடம் பிடித்துப் பார்க்கும் மருத்துவத்தின் இன்றைய முகம் பெட் ஸ்கேன். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குவதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். குளுக்கோஸில் ஓரிடத்தில் ஃப்ளோரின்-18ஐப் பொருத்தினால் எஃப்.டி.ஜி. கிடைக்கும். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கிறது, செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கிறது. ஃப்ளோரின் உமிழும் பாசிட்ரான் பக்கத்து எலெக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. உடலைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை எந்தக் கோட்டிலிருந்து கிளம்பின என்று கணக்கிடுகிறது. சி.டி. உறுப்பின் வடிவத்தைக் காட்டும், பெட் அதன் பசியைக் காட்டும். இப்போது இரண்டும் ஒரே கருவியில்.

எஃப்.டி.ஜி. முதன்முதலாக மனித உடலில் செலுத்தப்பட்டது 1976இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து விமானத்தில் கொண்டுபோனார்கள். காரணம், 110 நிமிடத்தில் ஃப்ளோரின்-18 பாதியாகிவிடும். சென்னையில் தயாரித்தால் சாலை வழியே வேலூர் சேருமுன் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். இந்தியாவில் 2002இல் மும்பையில் மருத்துவ சைக்ளோட்ரானோடு தொடங்கிய இந்தச் சோதனை இன்று வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும் நடக்கிறது.

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. காசநோய்க் கட்டிக்கும் குளுக்கோஸ் பசி அதிகம். படத்தில் அதுவும் புற்றுநோய் போலவே ஒளிரும். ஒளிரும் புள்ளியைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதாமல், சதையெடுத்துப் பரிசோதிக்கச் சொல்லும் மருத்துவரைத் திட்டாதீர்கள்.

பெட் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது: நோய் எதனால் வந்தது என்பது. தோல் ஆலை டிரம்மில் விழுவது மூவிணைதிறக் குரோமியம். புற்றுநோய்க் காரணி என்று உறுதியானது ஆறிணைதிறம். ஆகவே ஆம்பூர்க்காரருக்கு வரும் புற்றையெல்லாம் தோலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதற்காக எதையும் எழுதாமலே இருப்பதும் சரியில்லை. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழானதை 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பிலேயே பதிந்தது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவோ லட்சம் டன்னுக்கு மேல். மண்ணுக்கு நேர்ந்ததை அளந்தார்கள். உழைத்த உடம்புகளை அந்த அளவுக்கு யாரும் பின்தொடரவில்லை.

புற்று தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். குரோம் வந்த புதிதில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கிற வயது அது. ஊசி போடுமுன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், சர்க்கரை நோய் உண்டா என்று கேட்கிறார்கள். எந்த ஆலையில், டிரம் பக்கமா பெயின்ட் பக்கமா ஷூ கம்பெனியிலா, எத்தனை வருடம் என்றும் கேட்டு எழுதி, தமிழ்நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு அனுப்பலாம். இதற்குச் சைக்ளோட்ரான் தேவையில்லை, ஒரு குமாஸ்தா போதும்.