காதோரம் ஒரு கட்டி!

காதுக்குக் கீழே வீங்கினா நம்ம ஊர்ல ஒரே தீர்ப்புதான்... பொன்னுக்கு வீங்கி! கழுத்துல தங்கச் செயினை மாட்டி உட்கார வெச்சிடுவாங்க. ஆனா அது வைரஸ் சமாச்சாரம்; பெரும்பாலும் வலிக்கும், காய்ச்சல் வரும், பத்து நாள்ல வடிஞ்சிடும். வலியே இல்லாம, ஒரு பக்கம் மட்டும், மாசக்கணக்கா வளர்ற கட்டி வேற கேஸ் பாஸ்!

எங்க ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருத்தர் ஒன்றரை வருஷம் தாடி வளர்த்து அதை மறைச்சுட்டார். கேம்பஸ் இன்டர்வியூவுக்காக ஷேவ் பண்ணினப்போதான் குட்டு உடைஞ்சது. ஸ்கேன் எடுத்து, ஊசியால செல்களை உறிஞ்சிப் பார்த்தாங்க. 'பேசல் செல் அடினோமாவாக இருக்கலாம்'னு ரிப்போர்ட். எச்சில் சுரப்பியில அபூர்வமா வர்ற சாதுக் கட்டி. அந்த 'லாம்'தான் அண்ணனைத் தூங்க விடலை. ஏன்னா, அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாங்கிற புற்றுநோயும் மைக்ராஸ்கோப்ல கிட்டத்தட்ட இதே முகஜாடை. கட்டி தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துல ஊடுருவியிருக்கானு பார்க்கணும். அதுக்கு ஊசியில வந்த நாலு செல் பத்தாது, முழுசா வெளியே எடுக்கணும்.

பிதுக்கி எடுத்துட வேண்டியதுதானேன்னு கேட்டேன். அங்கேதான் வில்லங்கம்! முகத்தை அசைக்கிற ஃபேஷியல் நரம்பு, காதோரம் இருக்கிற பரோட்டிட் சுரப்பிக்கு உள்ளேயே புகுந்து, அஞ்சு கிளையாப் பிரியுது. கண்ணை மூடுறது, சிரிக்கிறது, விசில் அடிக்கிறது எல்லாம் அதோட கையில. அதனால சர்ஜன் முதல்ல தேடுறது கட்டியை இல்லை, நரம்பை! அதைக் கண்டுபிடிச்சு, கிளை கிளையாப் பின்தொடர்ந்து, மேலே இருக்கிற சுரப்பியோட சேர்த்துக் கட்டியைத் தூக்குறார். பல இடங்கள்ல முகத் தசையில எலெக்ட்ரோடு செருகி வெச்சிருப்பாங்க. நரம்பை உரசினா மானிட்டர் கத்தும். இ.சி.இ. மக்களே, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

அண்ணனோட ஃபைனல் ரிப்போர்ட்ல 'லாம்' இல்லை. பேசல் செல் அடினோமாவேதான். உதட்டோரம் மட்டும் ரெண்டு மாசம் லேசாக் கோணியிருந்தது, சரியாயிடுச்சு.

இன்னொரு கூத்தும் பாக்கி. அறுபட்ட எச்சில் நரம்பு வளரும்போது, சிலருக்கு ராங் கனெக்‌ஷனா வியர்வைச் சுரப்பியில போய் ஒட்டிக்கும். சாப்பிட்டா கன்னம் வியர்க்கும்! 1923-ல இதை விவரமா எழுதினவர் போலந்து பெண் டாக்டர் லூசியா ஃப்ரே. இது தலைகாட்ட மாசக்கணக்கு ஆகலாமாம். அதனால மெஸ்ஸுல பிரியாணி போடுற ஞாயித்துக்கிழமையெல்லாம் அண்ணனோட கன்னத்தைத்தான் குறுகுறுன்னு பார்த்துக்கிட்டிருக்கோம்.