அவைக்கு ஒரு சொந்தக் கண்

வழக்குத் தொடுத்தவனே சாட்சியும் சொல்லி, அச்சாட்சி ஒன்றையே கொண்டு நீதிபதி தீர்ப்பு வழங்குவாராயின், அவ்விடத்தை நீதிமன்றம் என்று எவருங் கூறார். ஆயினும் உலகத்துப் பாராளுமன்றங்கள் பலவற்றில் நிகழ்வது ஏறத்தாழ இதுவேயாகும். சட்டமூலத்தைக் கொண்டுவருவது அரசாங்கம். அதற்குரிய காரணங்களை எடுத்துரைப்பது அரசாங்கம். காரணங்களுக்கு ஆதாரமான கணக்குகளை வைத்திருப்பவையும் அரசாங்கத் திணைக்களங்களே. உள்நாட்டுக் கருமங்களிலாயினும் மக்கள் தம் கண்ணாற் கண்டதைச் சொல்லி மறுக்க இடமுண்டு. பாதுகாப்பிலும் வெளிநாட்டுறவிலும் அவ்விடமும் இல்லை. நடுக்கடலில் நிகழ்ந்ததை எந்த உறுப்பினர் சென்று பார்த்துவர முடியும்?

இது கற்பனையான வினாவன்று. 1964ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் நாள் டொங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று வடவியட்நாமியப் படகுகளால் தாக்கப்பட்டது. 4ஆம் நாள் இரண்டாவது தாக்குதலும் நிகழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களுள் அமெரிக்க காங்கிரஸ், ஜனாதிபதி ஜோன்சனுக்குப் போர் நடத்தும் அதிகாரத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகவே கையளித்தது. பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரித்தனர்; எதிர்த்தவர் ஒருவருமிலர். செனற் சபையில் 88 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் இருவரே. அந்த இரண்டாவது தாக்குதல் நிகழவேயில்லை என்பது இன்று ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. ஆனால் அது தெளிவாவதற்குள் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும், அவர்களினும் பன்மடங்கினரான வியட்நாமியரும் மாண்டொழிந்தனர்.

அவைக்குச் சொந்தக் கண் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை. அத்தகைய கண் ஒன்றை அமைக்க அந்நாட்டார் செய்த முயற்சியையும், அதன் சிறப்பையும் குறைபாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலகத்திற் பிறந்த நிலையம்

வாஷிங்டன் நகரிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் ஓர் அங்கமாகக் காங்கிரஸ் ஆராய்ச்சிச் சேவை என்னும் நிலையம் இயங்கிவருகின்றது. இதற்கு வித்திட்டது விஸ்கொன்சின் மாநிலம். அங்கே 1901ஆம் ஆண்டளவில் சாள்ஸ் மக்கார்தி என்னும் அறிஞர், சட்டம் இயற்றுவோர் வேண்டும் செய்திகளைத் திரட்டிக் கொடுக்கும் ஒரு சிறு நூலகத்தை நடத்தினார். அதன் பயனைக் கண்டுணர்ந்த அம்மாநிலத்துச் செனற்றர் றொபேட் லா பொலெற் முதலியோரின் முயற்சியால், 1914இல் தலைநகரிலும் அத்தகைய பகுதியொன்று தொடங்கப்பெற்றது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நிலைபேறளித்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய பெயரையும் விரிந்த பணியையும் வழங்கியது. இப்பொழுது அறுநூறு பேரளவில் அங்கே கடமையாற்றுகின்றனர். சட்டம், அரசிறை, சமூகநலம், இயற்கை வளம், வெளிநாட்டுறவும் பாதுகாப்பும் எனப் பகுதிகள் பிரிக்கப்பட்டுள்ளன. காங்கிரஸ் உறுப்பினர் எக்கட்சியினராயினும் வினா எழுப்பலாம். அவருக்கு விடை அளிக்கப்படும். இன்னார் இன்னதைக் கேட்டார் என்பது வெளியே சொல்லப்படமாட்டாது.

தமிழ் கற்றோர் சிறப்பாக நோக்கத்தக்க பணியொன்று இந்நிலையத்தில் நடைபெறுகின்றது. அந்நாட்டின் அரசியலமைப்புக்கு உரை எழுதுவதே அது. மூலத்தின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, உயர்நீதிமன்றம் அதற்கு எக்காலத்தில் எப்பொருள் கொண்டது, எவ்வழக்கில் அப்பொருள் மாறியது என்பவற்றையெல்லாம் நிரலே காட்டிச் செல்கின்றது அவ்வுரை. புதிய தீர்ப்புகள் எழுந்தோறும் உரையும் வளர்கின்றது. மூலம் சில பக்கங்களே. உரையோ ஆயிரக்கணக்கான பக்கங்கள். சூத்திரத்துக்கு உரை கண்டு பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. சட்டமும் ஒரு நூலே. அதனை உரையின்றிப் படிப்போர் தாம் விரும்பிய பொருளை அதனுள்ளே நுழைத்துவிடுவர் என்பதை அவர்களும் உணர்ந்துள்ளனர்.

ஒரு பட்டியலின் வலிமை

இந்நிலையத்தார் வெளியிட்டுவரும் அறிக்கைகளுள் ஒன்று, 1798ஆம் ஆண்டு முதலாக அமெரிக்கப் படைகள் பிறநாடுகளிற் பயன்படுத்தப்பட்ட நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையாகத் தொகுத்துரைப்பது. அதில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் உள. ஆனால் அரசியலமைப்பின்படி காங்கிரஸ் முறையாகப் போர்ப் பிரகடனஞ் செய்தது ஐந்து போர்களுக்கு மாத்திரமே என்பதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அத்தகைய பிரகடனம் ஒன்றுதானும் இல்லை. கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகிய எல்லாம் இந்நூற்றுக்கணக்கானவற்றுள் அடங்குவன.

அறிக்கையை எழுதியவர் எவரையும் பழிக்கவில்லை. இது முறையன்று என்று ஓரிடத்திலேனும் கூறவுமில்லை. நாள், இடம், நிகழ்ச்சி என்பவற்றை நிறுத்திவைத்தார், அவ்வளவே. ஆயினும் அவ்வரிசையைப் படித்து முடிப்போர் உள்ளத்தில், போர் தொடுக்கும் அதிகாரம் ஏட்டில் எவரிடம் இருக்கின்றது, நடைமுறையில் எவரிடம் சென்றுவிட்டது என்னும் வினா தானே எழுகின்றது. மேடையிலே நின்று முழங்கும் ஆயிரஞ் சொற்கள் எழுப்பாத வினாவை ஒரு பட்டியல் எழுப்பிவிடுகின்றது. 1973இல் ஜனாதிபதி நிக்சனின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் போரதிகாரத் தீர்மானத்தை நிறைவேற்றியது. படைகளை ஈடுபடுத்தின் 48 மணி நேரத்துள் அறிவித்தல் வேண்டும். காங்கிரஸின் இசைவு இல்லையாயின் 60 நாட்களில் நிறுத்துதல் வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். அவ்விதிகள் எத்துணை போற்றப்பட்டன என்பதையும் இந்நிலையத்தாரே தொடர்ந்து கணக்கிட்டு எழுதிவருகின்றனர்.

நடுநிலை என்பது யாது?

இனி, அறிஞரிடையே வாதத்துக்கு இடமான பகுதிக்கு வருவோம். இதைச் செய்க, இதைத் தவிர்க்க என்று இந்நிலையத்தார் கூறுவதில்லை. ஒரு கொள்கைக்குச் சார்பானவற்றையும் மாறானவற்றையும் ஒருங்கே வைத்து, துணிபை உறுப்பினரிடமே விட்டுவிடுகின்றனர். சிவஞானசித்தியாரிலே பரபக்கம் என்றும் சுபக்கம் என்றும் இரு பிரிவுகள் உள்ளமை நாம் அறிந்ததே. பிறர் கொள்கையை முதலிலே கூறி மறுத்து, அதன்பின் தம் கொள்கையை நிறுவுதல் நம் நூல்களின் மரபு. அமெரிக்க அறிக்கைகளோ எல்லாப் பக்கங்களையுங் கூறிச் சுபக்கம் ஒன்றை மாத்திரம் கூறாது நின்றுவிடுகின்றன. இது அறிவுடைமையா, அன்றி அச்சமா?

எல்லாவிடத்தும் அச்சமென்று கூறுதல் அநீதியாகும். நீதிமன்ற ஆணையின்றித் தம் குடிமக்களின் செய்தித் தொடர்புகளை அரசு ஒற்றுக்கேட்டமை 2005 டிசெம்பரில் வெளிவந்தது. அரசு தன் செயலுக்குச் சட்ட ஆதாரம் உண்டென வாதித்தது. அடுத்த மாதமே இந்நிலையத்துச் சட்ட வல்லுநர் ஒரு நீண்ட குறிப்பெழுதி, அவ்வாதம் அரசு கருதுமளவுக்கு உறுதியான அடிப்படையுடையதாகத் தோன்றவில்லை என்று உரைத்தனர். மெல்லிய சொல்தான், ஆயினும் அதிகாரத்தின் உச்சியில் இருந்தோரை நோக்கிச் சொல்லப்பட்ட சொல்.

அதே 2006ஆம் ஆண்டில் மாறான நிகழ்ச்சியொன்றும் நேர்ந்தது. அதிகாரப் பிரிவினை பற்றிப் பல நூல்கள் எழுதியவரும், 1970 முதல் அங்கே பணியாற்றியவருமான லூயி பிஷர் என்பார் தம் ஆராய்ச்சியின் துணிபுகளை வெளிப்படையாகக் கூறினார். அது நடுநிலைக்குப் பொருந்தாது என மேலிடத்தார் கண்டித்தனர். இறுதியில் அவர் அந்நிலையத்தை விட்டுச் சட்ட நூலகத்துக்கு மாறிச்செல்ல நேர்ந்தது.

இதிலே என் கருத்தைக் கூறுகின்றேன். தராசின் இரு தட்டும் வெறுமையாயிருக்கும்போது முள் நடுவே நிற்பது முறை. ஒரு தட்டிலே பாரம் இட்ட பின்னரும் முள் நடுவே நிற்குமாயின், அது நடுநிலையன்று, பழுது. கட்சி நோக்காமை வேறு, உண்மை கண்டும் உரையாமை வேறு. முன்னையது ஆராய்ச்சியாளனுக்கு அணிகலம். பின்னையது அவன் தொழிலுக்கே கேடு. எந்தக் கொள்கையை மேற்கொள்வது என்பது அவையின் உரிமை. அதனை ஆராய்ச்சியாளன் கவர்தல் தகாது. ஆனால் ஒரு வாதம் சட்டத்துக்குப் பொருந்துமா, ஒரு செய்தி மெய்யா என்பவை கொள்கையல்ல. அவற்றில் துணிபு கூறல் அவன் கடமை.

பூட்டிய ஏடுகள்

ஆண்டுதோறும் நூறு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட மக்கட் பணத்தில் நடக்கும் இந்நிலையத்தின் அறிக்கைகள், நெடுங்காலம் பொதுமக்களுக்கு நேரே கிடைக்கவில்லை. உறுப்பினர் மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு. அன்றேல் தனியார் கம்பனிகளிடம் பணங்கொடுத்து வாங்குதல் வேண்டும். 2009 பெப்ரவரியில் விக்கிலீக்ஸ் அமைப்பு 6,780 அறிக்கைகளை இணையத்திலே வெளியிட்டது. கடைசியில் 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தால், பொதுவான அறிக்கைகள் யாவும் அரசின் இணையத்தளத்திலேயே எவரும் படிக்குமாறு வைக்கப்பட்டன. தனி உறுப்பினருக்கு எழுதப்படும் குறிப்புகள் மாத்திரம் இன்றும் மறைவாகவே உள, அது தக்கதே.

இவ்வாறு கதவு திறந்தமையால் பயனடைந்தோருள் யானும் ஒருவன். என்னிடம் இலக்கணம் பயின்று இன்று சட்டத்தரணியாயிருக்கும் மாணவரொருவர், நம் நாட்டைப் பற்றி இந்நிலையத்தார் எழுதிய அறிக்கையொன்றைக் கடதாசியிற் பதித்துக் கொண்டுவந்து தந்தார். அகராதியை அருகே வைத்துக்கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகளில் அதனைப் படித்தேன். நாம் கண்ணீரோடு நினைக்கும் ஆண்டுகள் அங்கே சில பத்திகளாக அடங்கியிருந்தன. இன்னார் இவ்வாறு கூறுகின்றனர், அரசு இவ்வாறு மறுக்கின்றது என்னும் நடையிலே வாக்கியங்கள் சென்றன. முதல்நாள் என் உள்ளம் நொந்தது. நம் துயரம் இவர்களுக்கு ஒரு கணக்குத்தானா என்று ஏட்டை மூடிவைத்தேன். மறுநாட் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. நம் ஊரை ஒருபோதும் கண்டறியாத ஓர் அவையினர், அழுகுரலை ஒரு பக்கத்தாரின் குரலென்று ஒதுக்கிவிடலாம். ஆண்டும் இடமும் சான்றும் கொண்ட குளிர்ந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. நம்மைப் பற்றி நாமே எழுதுவனவற்றில் அத்தகைய வாக்கியங்கள் எத்தனை உள என்று என்னையே வினாவிக்கொண்டேன்.

படியாத ஏட்டால் பயனென்ன?

எனினும், கண் இருந்தால் மாத்திரம் போதாது. அதனைத் திறத்தலும் வேண்டும். 2002 ஒக்டோபரில் ஈராக்குடன் போர்புரியும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளிக்கும் தீர்மானம் வந்தது. செனற் சபையில் 77 பேர் ஆதரித்தனர். 23 பேர் எதிர்த்தனர். பிரதிநிதிகள் சபையில் 296 பேர் ஆதரிக்க, 133 பேர் எதிர்த்தனர். வாக்கெடுப்புக்கு முன் உளவு நிலையங்கள் தயாரித்த 92 பக்க மதிப்பீடொன்று உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. சுருக்கத்திலே உறுதியாகக் கூறப்பட்ட சில முடிவுகளுக்கு உள்ளே ஐயங்களும் மாறுபட்ட கருத்துகளும் குறிக்கப்பட்டிருந்தன. சுருக்கத்துக்கு அப்பால் முழுவதையும் படித்த செனற்றர் மிகச் சிலரே என்பது பின்னர் வெளிப்பட்டது. படித்தவர்களுள் ஒருவர் உளவுக் குழுவின் தலைவரான பொப் கிரகாம். அவர் எதிர்த்தே வாக்களித்தார். இருப்பதாகக் கூறப்பட்ட பேரழிவுப் படைக்கலங்கள் ஈராக்கிற் காணப்படவில்லை. 1964இல் அவைக்கு உண்மை எட்டவில்லை என்று கூறி ஆறலாம். 2002இல் ஐயத்துக்குரிய இடங்கள் எழுத்திலே இருந்தன, படிப்பார் இல்லை.

நூலகத்துக்கே வந்த இடர் பிறிதொன்று. 2025 மே மாதத்தில் காங்கிரஸ் நூலகத்தின் தலைவர், தம் பத்தாண்டுப் பதவிக்காலம் நிறைவெய்துமுன் ஜனாதிபதியால் நீக்கப்பட்டார். நூலகத் தலைவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆராய்ச்சிச் சேவையின் பணிப்பாளரை நியமிப்பவர் நூலகத் தலைவர். ஆகவே, உறுப்பினர் மறைவாகக் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளும் ஆட்சியாளர் கைக்கு எட்டுமோ என்னும் கவலை காங்கிரஸிலே எழுந்தது. அவையின் கண்ணென்று நூறாண்டுக்கு மேலாகக் கருதப்பட்டதன் இமை, அவையின் வசமில்லை என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

திருக்குறளின் அமைச்சியலை நோக்குவோர், அதன் கடைசி அதிகாரம் அவையஞ்சாமை என்பதைக் காண்பர். கல்வி, சொல்வன்மை, வினைத்திட்பம் ஆகிய எல்லாம் கூறியபின் அது வைக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. முன்னர்க் கூறியவை அனைத்தும் நிறைந்திருந்தும், அவை முன் அஞ்சுவானாயின் அவன் கல்வியால் அவைக்கு ஆவதொன்றில்லை. இக்காலத்துக்கேற்ப அதனோடு ஒன்று கூட்டிச் சொல்வேன். அறிஞன் அவைக்கு அஞ்சாதிருத்தல் எவ்வளவு வேண்டுமோ, அவையும் அறிஞனின் ஏட்டைப் படிக்க அஞ்சாதிருத்தல் அவ்வளவு வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பங்குண்டு. நாளைய அவையில் இருக்கப்போவோரும், அவரைத் தெரிந்தனுப்பப் போவோரும் இன்று நம் வகுப்பிலே இருக்கின்றனர். சுருக்கத்தை மனனஞ் செய்து தேர்வெழுதி வெற்றி பெறலாம் என்று அவர்களுக்குப் பழக்கிவிட்டு, நாளைக்கு அவர்கள் 92 பக்கங்களைப் படிக்கவில்லையென நொந்துகொள்வதில் நீதியில்லை. மாறுபட்ட இரு கருத்துகளை மாணவன் கையிற் கொடுத்து, இரண்டையும் திரிபின்றி எடுத்துரைக்கச் செய்து, அதன்பின் உன் துணிபு யாது, அதற்குச் சான்று யாது என்று வினவுவோமாக. இரு பக்கமும் உரைப்பதோடு அவன் நின்றுவிட்டால், துணிபு கூறும்வரை அமரவிடாதிருப்போமாக.